ஒரு போர் உயர்த்தியது, அதே போர் கவிழ்த்தது... ஜாம்செட்ஜி டாடாவின் வெற்றியைத் தீர்மானித்தது எது?

நம்ம தெருவில் ஒரு கடை நன்றாக ஓடினால் முதலாளி கெட்டிக்காரர் என்போம். அதே கடை மூடப்பட்டால் அவருக்கு விவரம் பத்தலை என்போம். மேம்பாலம் கட்டுவதற்காக கடை வாசலில் ரோட்டைத் தோண்டிப் போட்டதும், ஆறு மாதமாக அந்தப் பக்கம் யாரும் வராததும் நம்ம கணக்கில் வராது.

ஒரு தொழிலுக்கு உள்ளே இருப்பவை முதலாளியின் கையில் இருக்கின்றன. முதலீடு, இயந்திரம், ஆட்கள், நிர்வாகம் எல்லாம் அதில் அடக்கம். ஆனா வெளியே இருப்பவை அவர் கையில் இல்லை. எங்கேயோ நடக்கும் போர், அரசு போடும் வரி, பெரிய போட்டியாளர், ஊரில் பரவும் நோய், மக்களின் மனநிலை. இதைத்தான் தொழிலின் வெளிச்சூழல் என்கிறார்கள்.

இந்த வெளிச்சூழல் ஒரு மனிதரை எப்படியெல்லாம் தூக்கிப் போட்டு விளையாடும் என்று தெரிந்துகொள்ள, டாடா குழுமத்தைத் தொடங்கிய ஜாம்செட்ஜி டாடாவின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

டாடா என்றதும் தொட்டதெல்லாம் பொன்னாக மாறிய குடும்பம் என்று நினைக்கிறோம். உண்மையில் 26 வயதில் கடன்காரர்கள் முன்னால் கைகட்டி நின்றவர் ஜாம்செட்ஜி. கப்பல் சர்வீஸ் ஆரம்பித்து இழுத்து மூடியவர். வாழ்நாள் முழுக்கக் கனவு கண்ட இரும்பாலையைப் பார்க்காமலே இறந்துபோனவர். என்ன நடந்தது? வாங்க, ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

குருமார் வீட்டுப் பிள்ளை

1839 மார்ச் 3. குஜராத்தின் நவ்சாரியில், பார்சி மத குருமார் குடும்பத்தில் பிறந்தார் ஜாம்செட்ஜி. தலைமுறை தலைமுறையாக பூஜை, சடங்கு என்று இருந்த குடும்பம் அது. அதை உடைத்து வியாபாரத்துக்கு வந்தவர் அப்பா நுசர்வான்ஜி.

பம்பாயில் வியாபாரம் செய்த அப்பா, மகனையும் அங்கே வரவழைத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்க வைத்தார். 1858-ல் படிப்பு முடிந்தது. அடுத்த வருடமே அப்பாவின் வியாபாரத்துக்காக ஹாங்காங் போனார் மகன்.

அந்தக் கால பம்பாய் வியாபாரிகள் பலரைப் போலவே டாடா குடும்பமும் பருத்தியோடு சேர்த்து அபினையும் சீனாவுக்கு அனுப்பியது. இந்தியாவில் அபின் உற்பத்தியை ஊக்குவித்ததும், சீனச் சந்தையைப் போர் நடத்தித் திறந்ததும் பிரிட்டிஷ் அரசுதான். ஆக, ஜாம்செட்ஜி தொழில் பழகிய முதல் களமே அரசியல் உருவாக்கிய களம்.

அமெரிக்காவில் சண்டை, பம்பாயில் பண மழை

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. பருத்தி விளையும் தென் மாநிலங்களின் துறைமுகங்களை வட மாநிலங்கள் முற்றுகையிட்டன. அங்கிருந்து கப்பல் வெளியே வர முடியவில்லை.

இதில் அடி வாங்கியது இங்கிலாந்தின் லங்காஷயர். அங்கிருந்த நூற்பாலைகளுக்கு வந்துகொண்டிருந்த பருத்தியில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்கப் பருத்தி. அது நின்றதும் ஆலைகள் மூடின, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். ஆலை முதலாளிகள் வேறு எங்கே பருத்தி கிடைக்கும் என்று தேடினார்கள். கண்ணில் பட்டது பம்பாய்.

விலை எகிறியது. மெத்தைக்குள் இருந்த பழைய பஞ்சைக்கூட எடுத்து விற்றார்கள் என்று சொல்லும் அளவுக்கு பம்பாயில் பருத்திப் பைத்தியம் பிடித்தது. வந்த பணம் பங்குகளில் பாய்ந்தது. தெருவுக்கு ஒரு வங்கி, வாரத்துக்கு ஒரு கம்பெனி. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பேக் பே கம்பெனியின் பங்கு, முகமதிப்பைப் போலப் பல மடங்குக்குக் கைமாறியது.

டாடா குடும்பமும் இதில் இறங்கியது. லண்டனில் ஒரு இந்திய வங்கி தொடங்கலாம் என்று திட்டம் போட்டார்கள். அதற்காக லண்டன் கிளம்பினார் இளம் ஜாம்செட்ஜி.

லண்டன் போனவர் கையில் செல்லாத காகிதம்

1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பம்பாயில் முன்பேர வியாபாரக் கணக்குகளைத் தீர்க்க வேண்டிய நாள் ஜூலை 1. அன்று பெரிய பெரிய வியாபாரிகள் எல்லாம் திவாலானார்கள். வங்கிகள் விழுந்தன.

ஜாம்செட்ஜி லண்டனில் இருந்தார். எந்தப் பத்திரங்களை நம்பி வங்கி தொடங்க வந்தாரோ, அவை வெறும் காகிதமாகிவிட்டன. வங்கித் திட்டம் செத்தது. அவர் தலையில் விழுந்தது கடன்தான்.

யோசித்துப் பாருங்கள். அவர் என்ன தப்பு செய்தார்? ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இரண்டு படைகள் சண்டையை நிறுத்தின. அவ்வளவுதான்.

ஆனா அடுத்து நடந்தது முழுக்க அவர் கையில் இருந்த விஷயம். ஓடி ஒளியாமல் கடன் கொடுத்தவர்களையும் வங்கிக்காரர்களையும் நேரில் பார்த்து நிலைமையை அப்படியே சொன்னார். அந்த நேர்மையைப் பார்த்து, கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள், மாதம் 20 பவுண்டு சம்பளத்தில். இந்தியாவில் கடனை அடைக்க அப்பா வீட்டை விற்றார்.

இதே வீழ்ச்சியில் சிக்கிய இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. விலை ஏறியபோது பருத்தி போட்டு, கடனும் வாங்கிய தக்காண விவசாயிகள். விலை விழுந்த பிறகும் வட்டி விழவில்லை. 1875-ல் புனே, அகமத்நகர் பகுதிகளில் விவசாயிகள் வட்டிக்கடைக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கொளுத்திய கலவரத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. டாடா குடும்பத்துக்கு விற்க ஒரு வீடாவது இருந்தது.

தூக்கிவிட்ட இன்னொரு போர்

குடும்பம் மீண்டது எப்படி? அதுவும் ஒரு போரால்தான்.

1867-68-ல் அபிசீனியா மீது, அதாவது இன்றைய எத்தியோப்பியா மீது, பிரிட்டிஷ் படை பம்பாயிலிருந்து கிளம்பியது. படைக்கான பொருட்களை சப்ளை செய்யும் ஒப்பந்தம் கிடைத்த வியாபாரிகளில் நுசர்வான்ஜியும் ஒருவர். அதில் கிடைத்த லாபம் குடும்பத்தை நிமிர வைத்தது.

அதே 1868-ல், 29 வயதில், 21,000 ரூபாய் முதலோடு சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார் ஜாம்செட்ஜி. இன்றைய டாடா குழுமத்தின் பிறந்த ஆண்டு இதுதான்.

அடுத்த வருடம் திவாலாகிக் கிடந்த ஒரு எண்ணெய் ஆலையை வாங்கி பருத்தி ஆலையாக மாற்றினார். சில ஆண்டுகளில் அதை லாபத்துக்கு விற்றுவிட்டு, நூற்புத் தொழிலைக் கற்க லங்காஷயருக்கே போனார்.

எல்லாரும் பம்பாயில் நிற்க, இவர் ஏன் நாக்பூர் போனார்?

1865 அடி அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது என்பது அடுத்த முடிவில் தெரிகிறது. பருத்தியை வாங்கி ஏற்றுமதி செய்பவன், விலை ஏறினால் பிழைப்பான், இறங்கினால் சாவான். அதையே நூலாக, துணியாக மாற்றுபவனுக்குக் கொஞ்சம் தரை இருக்கும்.

அப்போது ஆலை என்றாலே பம்பாய்தான். துறைமுகம், வங்கி, ஆட்கள் எல்லாம் அங்கே. ஜாம்செட்ஜி தேர்ந்தெடுத்தது நாக்பூர். காரணம் கேட்டால் ரொம்ப சிம்பிள். பருத்தி விளைவது அந்த வட்டாரத்தில். வரோராவில் நிலக்கரி சுரங்கம். ரயில் பாதை வந்துவிட்டது. துணி வாங்கும் மக்களும் சுற்றிலும் இருக்கிறார்கள். பருத்தியை பம்பாய்க்குக் கொண்டுபோய், துணியாக்கித் திரும்ப இங்கேயே கொண்டுவருவது எதற்கு?

ஆலைக்குக் கிடைத்த இடம் சதுப்பு நிலம். மண் கொட்டி மேடாக்க வேண்டியிருந்தது. பணம் கேட்டபோது உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர், தங்கத்தைப் பள்ளத்தில் கொட்டும் ஆளுக்குக் கடன் கொடுக்க மாட்டேன் என்று மறுத்ததாகவும், பிறகு அந்த மண்ணிலிருந்து தங்கம் எடுத்துவிட்டார் என்று அவரே ஒப்புக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு.

1877 ஜனவரி 1-ல் ஆலை திறக்கப்பட்டது. விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட நாள் அது. ஆலைக்கு வைத்த பெயர் எம்ப்ரஸ் மில்ஸ். பேரிலேயே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டார்!

நாக்பூரிலும் வெளிச்சூழல் சும்மா விடவில்லை. காற்றில் ஈரம் இல்லாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஈரப்பதம் தரும் கருவிகளைப் பொருத்தினார். பஞ்சு இருக்கும் இடத்தில் தீ பயம், அதற்கு ஸ்ப்ரிங்ளர். ஆலை வேலைக்கே பழகாத ஊரில் ஆட்கள் சரியாக வரவில்லை. தண்டனை கொடுப்பதை விட்டுவிட்டு ஓய்வூதிய நிதி, பரிசு, விபத்துக்கு இழப்பீடு என்று கொண்டுவந்தார். சட்டம் எதுவும் அவரைக் கட்டாயப்படுத்தாத காலம் அது.

கப்பல் சண்டை: சரியாகக் கணித்தும் தோற்ற கதை

சூழலைப் படித்துவிட்டால் ஜெயித்துவிடலாமா? அதுவும் இல்லை.

1890-கள். இந்திய ஆலைகளின் நூலுக்கு சீனாவில் நல்ல சந்தை. ஆனா சரக்கை ஏற்றிச் செல்வது பி அண்ட் ஓ போன்ற ஒரு சில வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகள். தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கட்டணத்தை உயரத்திலேயே வைத்திருந்தன.

1893-ல் ஜப்பான் போன ஜாம்செட்ஜி, நிப்பான் யூசென் கைஷா என்ற ஜப்பான் கப்பல் கம்பெனியோடு கூட்டு சேர்ந்தார். இவரும் இரண்டு கப்பல்களை வாடகைக்கு எடுத்து டாடா லைன் என்ற பெயரில் ஓட்டினார். கட்டணம் டன்னுக்கு 12 ரூபாய்.

பி அண்ட் ஓ என்ன செய்தது தெரியுமா? டன்னுக்கு ஒன்றரை ரூபாய் என்று குறைத்தது. ஜப்பானுக்குப் போகும் பருத்தியை இலவசமாகவே ஏற்றவும் தயாரானது. டாடாவின் கப்பலில் சரக்கு அனுப்புகிறோம் என்று சொன்ன இந்திய வியாபாரிகள், கட்டணம் குறைந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அரசிடம் முறையிட்டும் பலன் இல்லை. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். டாடா லைன் மூடப்பட்டது. கட்டணம் மறுபடி ஏறியது.

இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, அதே சண்டையில் ஜப்பான் கம்பெனி தாக்குப்பிடித்தது. ஏனென்றால் ஜப்பானின் நூற்பாலைகள் ஒன்றாகச் சேர்ந்து, எங்கள் பருத்தி உங்கள் கப்பலில்தான் என்று ஒப்பந்தம் போட்டிருந்தன. எதிரி ஒருவர்தான். ஒருவருக்குப் பின்னால் நாடு நின்றது, இன்னொருவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும், வெள்ளையர் கம்பெனி பிடித்த ஆயுதம் இதே கட்டணக் குறைப்புதான். அங்கே மக்கள் வ.உ.சி. பக்கம் நின்றார்கள். ஆனா 1908-ல் அரசு அவரையே சிறையில் தள்ளியது.

வரி எந்தப் பக்கம் சாயும்?

1890-களின் நடுவில் இந்திய அரசுக்குப் பணத் தட்டுப்பாடு. இறக்குமதித் துணிக்கு வரி போட்டார்கள். இந்திய ஆலைகளுக்கு நல்லதுதானே? அப்படி விட்டுவிடவில்லை. லங்காஷயர் முதலாளிகள் சத்தம் போட, 1896-ல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீத வரி என்றால், இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை சதவீத உற்பத்தி வரி என்று ஆக்கினார்கள்.

உள்நாட்டில் தயாராகும் பொருளுக்கு, வெளிநாட்டுப் போட்டியாளரின் மனம் கோணாமல் இருக்க ஒரு வரி! ஜாம்செட்ஜி இதை எதிர்த்து எழுதினார். வரி போகவில்லை. அவர் இறந்து 20 வருடத்துக்குப் பிறகுதான் அது கைவிடப்பட்டது.

அதே 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. மில் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கிளம்பினார்கள். நகரமே வெறிச்சோடியது. இந்தப் பயம் அடங்காத காலத்தில்தான் தன் சொந்தப் பணத்தைப் போட்டு தாஜ் மஹால் ஹோட்டலைக் கட்டத் தொடங்கினார். 1903 டிசம்பரில் அது திறந்தது. எதிரே கேட்வே ஆஃப் இந்தியா வந்தது அதற்கு 21 வருடம் கழித்துத்தான்.

17 வருடம் காத்திருந்த இரும்பு

1882-ல் ஜாம்செட்ஜி ஒரு ஜெர்மன் நிபுணரின் அறிக்கையைப் படித்தார். மத்திய மாகாணத்தின் சாந்தா மாவட்டத்தில் நல்ல இரும்புத் தாது இருப்பதாக அதில் இருந்தது. உடனே வேலையில் இறங்கினார். ஆனா வரோரா நிலக்கரி இரும்பு உருக்க ஒத்துவரவில்லை. சுரங்கம் தோண்ட அனுமதி தரும் அரசு விதிகளும் கெடுபிடியாக இருந்தன. திட்டத்தைக் கிடப்பில் போட வேண்டியதாயிற்று.

போட்டார், ஆனா மறக்கவில்லை. தாது மாதிரிகளையும் தகவல்களையும் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

1899-ல் இரண்டு மாற்றங்கள் வந்தன. இந்தியாவில் இரும்பாலை தொடங்க நேரம் வந்துவிட்டது என்று மேஜர் மகோன் என்ற அதிகாரி அறிக்கை கொடுத்தார். வைஸ்ராய் கர்சனின் அரசு சுரங்க விதிகளைத் தளர்த்தியது. அப்போது ஜாம்செட்ஜிக்கு வயது 60. உடல்நிலையும் சரியில்லை. ஆனாலும் கிளம்பினார். லண்டனில் இந்திய அமைச்சரைச் சந்தித்தார். அமெரிக்கா போய் சார்லஸ் பேஜ் பெரின் என்ற பொறியாளரை வேலைக்குப் பேசினார்.

இடையில் இன்னொரு வேலையும் செய்தார். இந்தியாவில் படித்த தொழில்நுட்ப ஆட்கள் இல்லை என்பதும் ஒரு வெளிச்சூழல்தானே? போரையும் வரியையும் ஒரு முதலாளி மாற்ற முடியாது. இதை மாற்றலாம். 1892-ல் மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க நிதி ஏற்படுத்தினார். 1898-ல் ஒரு ஆராய்ச்சிக் கல்வி நிலையத்துக்காக 30 லட்சம் ரூபாய் சொத்தைத் தருவதாக அறிவித்தார். அதுதான் பின்னாளில் பெங்களூருவில் உருவான இந்திய அறிவியல் கழகம்.

1904 மே 19. ஜெர்மனியின் பாட் நௌஹைம் நகரில், 65 வயதில் ஜாம்செட்ஜி இறந்தார். அப்போது இரும்பாலைக்கு இடம்கூட முடிவாகவில்லை. அறிவியல் கழகமும் வெறும் திட்டமாகத்தான் இருந்தது.

அவர் பார்க்காத வெற்றி

மகன் தோராப்ஜி வேலையைத் தொடர்ந்தார். ஜாம்செட்ஜி இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, புவியியலாளர் பி.என். போஸ் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் உயர்தர இரும்புத் தாது இருப்பதாக ஜாம்செட்ஜிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்தத் துப்பைப் பிடித்து இடம் தேடினார்கள். கடைசியில் சாக்சி என்ற கிராமம் முடிவானது.

பணம்? லண்டன் சந்தையில் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1907 ஆகஸ்டில் இந்திய மக்களிடமே கேட்பது என்று முடிவெடுத்தார்கள்.

1905 வங்கப் பிரிவினைக்குப் பிறகு நாடு முழுக்க சுதேசி அலை அடித்துக்கொண்டிருந்த நேரம். மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் பங்கு வாங்கினார்கள். ஆலை கட்டத் தேவையான 16 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டு முழுதும் வந்து சேர்ந்தது. டாடா கப்பலைக் கைவிட்டுப் போன அதே வியாபார உலகம், 13 வருடத்தில் டாடா இரும்புக்காக வரிசையில் நின்றது. மாறியது மக்களின் மனநிலை.

1912-ல் எஃகு உற்பத்தி தொடங்கியது. இரண்டு வருடத்தில் முதல் உலகப் போர். இறக்குமதி நின்றது, டாடா தண்டவாளங்கள் மெசபடோமியா வரை போயின. 1919-ல் சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தது அரசு. போர் முடிந்து வெளிநாட்டு எஃகு மலிவாக வந்து குவிந்ததும் ஆலை தள்ளாடியது. தோராப்ஜி தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். 1924-ல் அரசு எஃகுத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த பிறகே ஆலை மூச்சுவிட்டது.

சரி, இதில் நமக்கு என்ன?

எல்லாம் வெளிச்சூழல்தான் என்றால் முதலாளி எதற்கு? இந்தக் கேள்வி நியாயமானது.

1865-ல் அவரை வீழ்த்திய காற்று நூற்றுக்கணக்கான வியாபாரிகளையும் வீழ்த்தியது. எழுந்து வந்தவர்கள் குறைவு. 1899-ல் சுரங்க விதி தளர்ந்தது எல்லாருக்கும்தான். 17 வருடமாக ஃபைலை மூடாமல் வைத்திருந்தவர் அவர். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். அதற்கு முதலில் நெல் அறுத்துக் களத்தில் கிடக்க வேண்டும். காற்று அவர் கையில் இல்லை. களத்தைத் தயாராக வைத்திருந்தது மட்டும்தான் அவர் வேலை.

அதேபோல டாடா லைன் மூடியதற்கு அவருடைய கெட்டிக்காரத்தனம் குறைந்துபோனது காரணம் இல்லை. கூட நிற்க ஆளில்லாதது காரணம்.

அதனால அடுத்த முறை உங்க தெருவில் ஒரு கடையின் ஷட்டர் இறங்கிக் கிடப்பதைப் பார்த்தால், முதலாளிக்கு விவரம் பத்தலை என்று முடிவு கட்டுவதற்கு முன் கடைக்கு வெளியேயும் ஒரு பார்வை பாருங்க. ரோடு தோண்டிக் கிடக்கலாம்.